சும்மா கிடக்கிற காடு: முதுமலையில் மரம் அளப்பது எதற்கு?

பிப்ரவரி 9, காலை. மேட்டுப்பாளையம் வாசகர் ஒருவரின் கேள்வி

நீலகிரி மாவட்டத்தில் பாதிக்கு மேல் வனத்துறை வசம். வெட்டுவதும் இல்லை, நடுவதும் இல்லை, கஜானாவுக்குப் பெரிதாக வருமானமும் இல்லை. முதுமலையில் முப்பது வருடத்துக்கும் மேலாக அதே மரங்களை டேப் வைத்து அளந்துகொண்டே இருக்கிறார்களாம். அளந்து என்ன கண்டார்கள்? நல்ல கம்பெனி ஒன்றுக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விட்டால் காடும் வளரும், பணமும் வரும். என் கருத்து தப்பு என்றால் சொல்லுங்கள், திட்டாமல்.

பிப்ரவரி 9, இரவு

திட்டவில்லை. அளந்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் பதில் கொஞ்சம் நீளும்.

பட்டப்படிப்பை முடித்துவிட்டுக் கூடலூரில் வேலையில்லாமல் இருந்த காலத்தில், தற்காலிக ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். விஞ்ஞானி என்று நினைத்துவிட வேண்டாம். மரத்தைச் சுற்றி டேப் போட்டு எண்ணை உரக்கப் படிப்பது என் வேலை. எழுதிக்கொள்பவர் இன்னொருவர். யானை வருகிறதா என்று காது கொடுத்துக்கொண்டே இருப்பவர் மூன்றாமவர். அவர் கையைத் தூக்கினால் பாதி எண்ணோடு நிறுத்திவிட்டு நகர வேண்டும், அதில் விவாதம் கிடையாது.

இடம் 50 ஹெக்டேர். ஒரு கிலோமீட்டர் நீளம், அரை கிலோமீட்டர் அகலம். 1988ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் மையம், ராமன் சுகுமார் தலைமையில், இதை அளந்து குறித்தது. 20 மீட்டர் சதுரங்களாகப் பிரித்தால் 1,250 கட்டங்கள். மார்பு உயரத்தில், அதாவது 1.3 மீட்டரில், ஒரு சென்டிமீட்டர் விட்டத்தைத் தாண்டிய ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்ட தகடு, வரைபடத்தில் ஒரு புள்ளி. முதல் கணக்கில் சுமார் 26 ஆயிரம் மரங்கள், எழுபதுக்குச் சற்று மேற்பட்ட இனங்கள். மேலடுக்கில் பெரும்பாலும் வெண்தேக்கு, கருமருது, வெக்காலி, தேக்கு. அதன்பின் வருடா வருடம் எது செத்தது, எது புதிதாக வந்தது என்ற கணக்கு. நான்கு வருடத்துக்கு ஒரு முறை எல்லாவற்றின் பருமனும்.

என்ன கண்டார்கள் என்பதற்கு இப்போதைக்கு ஒன்று. கிடியா காலிசினா என்று ஒரு மரம், வெண்டைக்காய்க் குடும்பம், பட்டை நார் நாராக உரியும். முதல் கணக்கில் கீழடுக்கில் மிக அதிகமாக இருந்தவற்றில் அதுவும் ஒன்று, ஆயிரக்கணக்கில். யானைகளுக்கு அது பிடிக்கும். யானை ஒடித்ததும் அடிக்கடி வந்த தீயும் சேர்ந்து, சில வருடங்களிலேயே அந்த ஆயிரங்கள் கிட்டத்தட்ட இல்லாமல் போயின. 1988ல் மட்டும் அளந்துவிட்டுப் போயிருந்தால் 'இது கிடியாக் காடு' என்று எழுதியிருப்பார்கள். பத்து வருடம் கழித்து மட்டும் வந்திருந்தால் அப்படி ஒரு மரம் அங்கே கூட்டமாக இருந்ததே தெரியாது. இரண்டு அறிக்கையிலும் பொய் இருந்திருக்காது.

பிப்ரவரி 10

"யானை மரத்தைத் தின்றது என்று கண்டுபிடிக்க இவ்வளவு செலவா" என்று கோவைத் தம்பி கேட்டிருக்கிறார். சிரித்துவிட்டேன். ஆனால் யானை எதைத் தின்றது என்பதோடு, தின்றதற்குப் பிறகு காடு என்ன ஆனது என்பதும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. சிறு மரங்கள் ஆரம்ப வருடங்களில் கொத்தாகச் செத்தன. பெரிய மரங்கள் அப்படிச் சாகவில்லை. எனவே எண்ணிக்கை விழுந்த வேகத்தில் காட்டில் நிற்கும் மரத்தின் மொத்தக் கனம் விழவில்லை. கார்பன் கணக்குப் போடுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் முக்கியம். மேலிருந்து எடுத்த படத்தில் பச்சை அப்படியே இருக்கும், அடியில் அடுத்த தலைமுறையே இல்லாமல் இருக்கலாம்.

பிப்ரவரி 10, பிற்பகல்

50 ஹெக்டேர் என்பது எங்கிருந்து வந்த அளவு என்று கேட்டவருக்கு: பனாமாவின் பாரோ கொலராடோ தீவிலிருந்து. பனாமாக் கால்வாய்க்காக ஆற்றை மறித்தபோது ஏரிக்கு நடுவில் தீவாக நின்றுபோன குன்று அது. 1923லேயே ஆராய்ச்சிக்கென்று ஒதுக்கப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் ஸ்டீபன் ஹப்பெல், ராபின் ஃபாஸ்டர் இருவரும் அங்கே 50 ஹெக்டேரில் ஒவ்வொரு மரத்தையும் எண்ணினார்கள். அடுத்து மலேசியாவின் பாசோ, அப்புறம் முதுமலை. இலங்கையின் சிங்கராஜக் காட்டில் 25 ஹெக்டேர் உண்டு. எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் ஒரே முறையில் அளப்பதால் பனாமா மரத்தையும் முதுமலை மரத்தையும் பக்கத்தில் வைத்துப் பேச முடிகிறது.

இதற்கு அடிப்படையான நிபந்தனை ஒன்றுதான். இன்று தகடு அடித்த மரம் நாற்பது வருடம் கழித்தும் அங்கே நிற்கலாம், அல்லது தானாகச் சாகலாம், ஆனால் யாரும் வெட்டி லாரியில் ஏற்றக் கூடாது. குத்தகைதாரர் யாராவது இப்படி எழுதிக் கொடுப்பாரா?

பிப்ரவரி 12

வால்பாறையிலிருந்து ஒரு அக்கா சரியான இடத்தில் பிடித்திருக்கிறார். ஆனைமலையில் தனியார் தேயிலை, காபித் தோட்டங்களுக்கு நடுவே மழைக்காட்டுத் துண்டுகள் இருக்கின்றன. இருபது வருடத்துக்கு மேலாக ஆய்வாளர்கள் கம்பெனிகளோடு பேசி அங்கே காட்டு மரங்களை நட்டு மீட்டு வருகிறார்கள். இருவாச்சியும் சிங்கவால் குரங்கும் அந்தத் துண்டுகளை நம்பித்தான் இருக்கின்றன. ஆகவே "தனியார் என்றால் அழிப்பார்கள்" என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் வாதம் இன்னும் குறுகியது. நல்ல முதலாளி இருக்கும் வரை அந்தத் துண்டு இருக்கும். தோட்டம் கைமாறினால் மறுபடி முதலிலிருந்து பேச வேண்டும். பக்கத்தில் ஆனைமலைப் புலிகள் காப்பகம் என்ற பெரிய அரசுக் காடு இருப்பதால்தான் அந்தத் துண்டுகளுக்கு விதையும் பறவையும் வந்துகொண்டிருக்கின்றன. அதையும் அக்காவே எழுதியிருக்கிறார், நான் திருடிக்கொள்கிறேன்.

பிப்ரவரி 15

முதுமலை அரசிடம் வந்த கதை அழகானதில்லை. காட்டைக் காப்பாற்ற யாரும் அதை வாங்கவில்லை. அது மலபாரின் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்துத் திருமுல்பாடுகளிடம் இருந்த காடு. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷார் மரத்துக்காகக் குத்தகைக்கு எடுத்தார்கள், பிற்பாடு அரசுக் காடாக ஆனது. அதே நிலம்பூரில்தான் 1840களில் மலபார் கலெக்டர் கானலி தேக்குத் தோட்டம் போட்டது. கப்பலுக்குத் தேக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் தெப்பக்காடு யானை முகாமும் வெட்டிய மரம் இழுக்கத்தான். 1940ல் சரணாலயம் என்று அறிவித்த பிறகும் சில பத்தாண்டுகள் கோடரி ஓயவில்லை. புலிகள் காப்பகம் ஆனது 2007ல்.

மேட்டுப்பாளையம் நண்பர் கேட்கும் "காட்டிலிருந்து வருமானம்" என்பதை அரசு நூறு வருடத்துக்கு மேல் செய்து பார்த்துவிட்டது. புதிய யோசனை ஒன்றுமில்லை.

பிப்ரவரி 16

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு "அப்படியானால் அரசு மட்டும் யோக்கியமா" என்று மூன்று பேர். இல்லை. அதற்குத்தான் வருகிறேன், பொறுங்கள். நாற்றங்காலில் தண்ணீர் விடும் நேரம்.

பிப்ரவரி 18

சரி, உதகைக்குப் பக்கத்தில் இருக்கும் கிளென்மார்கன்.

நீலகிரியின் மேல்மட்டத்தில் இயற்கையாக இருப்பது சோலையும் புல்வெளியும். பள்ளத்தில் சோலை, மேட்டில் புல். புல்லைப் பார்த்த அதிகாரிகளுக்கு, வெள்ளைக்காரர் காலத்திலும் சரி, சுதந்திரத்துக்குப் பிறகும் சரி, 'இங்கே மரம் இல்லையே' என்ற ஆதங்கம். கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகையையும் (வாட்டில்) ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் நட்டார்கள். விறகு, தோல் பதனிடும் பட்டை, அப்புறம் ஆலைக்குக் கூழ்மரம். இதைச் செய்தது தனியார் கம்பெனி இல்லை. சாட்சாத் வனத்துறை, அதன் சொந்த நிலத்தில்.

உதகையில் 1954 முதல் மத்திய அரசின் மண், நீர் பாதுகாப்பு ஆய்வு நிலையம் இருக்கிறது. அவர்கள் கிளென்மார்கனில் அருகருகே இருந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டார்கள், ஒவ்வொன்றும் 32 ஹெக்டேர் வாக்கில். இரண்டிலிருந்தும் வரும் ஓடைத் தண்ணீரைச் சில வருடம் சும்மா அளந்தார்கள். பிறகு 1972ல் ஒன்றின் புல்வெளியில் மட்டும் கற்பூர மரம் நட்டார்கள், மற்றதைச் சோலையும் புல்லுமாக விட்டுவிட்டார்கள். பத்து வருடச் சுற்று முடிந்தபோது மரம் நட்ட பக்கத்தில் ஓடைத் தண்ணீர் சுமார் 16 சதவீதம் குறைந்திருந்தது. வெட்டிய பிறகு தூரிலிருந்து தழைத்த இரண்டாம் சுற்றில் குறைவு சுமார் 25 சதவீதம். தழைத்த மரம் முதல் நாளிலிருந்தே பழைய வேரை வைத்துக் குடிக்கிறது, அதனால்தான்.

இப்போது வருமானக் கணக்கைப் போடுங்கள். நீலகிரியின் மேட்டிலிருந்து இறங்கும் தண்ணீரில்தான் 1932லிருந்து பைக்காரா மின்நிலையம் ஓடுகிறது. குந்தா அணைகளும் அதே தண்ணீரை நம்பியவைதான். கீழே பவானி, அதற்குக் கீழே உங்கள் மேட்டுப்பாளையம் குழாய். கற்பூர மரக் கூழுக்கு வந்த காசு ஏட்டில் வரவு என்று ஏறியது. குறைந்த தண்ணீருக்கு ஏட்டில் பத்தியே கிடையாது. அதற்கு ஒரு எண் கிடைத்ததே யாரோ இரண்டு பள்ளத்தாக்கை ஆராய்ச்சிக்கென்று ஒதுக்கிவிட்டுப் பல வருடம் தினமும் ஓடையை அளந்ததால்தான்.

பிப்ரவரி 18, இரவு

மேலே ஒன்று விட்டுப்போனது. "புல்வெளி என்பது மனிதன் காட்டை அழித்ததால் வந்தது, அதில் மரம் நட்டால் என்ன" என்ற வாதம் நீண்ட காலம் இருந்தது. உதகைக்குப் பக்கத்தில் சாண்டிநல்லா சதுப்பில் மடிந்த செடிகள் மட்காமல் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. சுகுமாரும் உடன் இருந்தவர்களும் 1993ல் அந்தக் கரிமண்ணின் கார்பனைப் பிரித்துப் பார்த்துச் சொன்னது: சுமார் 20 ஆயிரம் வருடங்களில் குளிரும் வறட்சியும் ஓங்கிய காலத்தில் புல் பெருகியிருக்கிறது, ஈரம் கூடிய காலத்தில் மரங்கள் பெருகியிருக்கின்றன. ஆக, புல்வெளி இங்கே பழைய குடி.

அந்தச் சதுப்பைத் தோண்டி உருளைக்கிழங்கு போட்டிருந்தால் 20 ஆயிரம் வருடக் கணக்கு ஒரே சாகுபடியில் போயிருக்கும். பல சதுப்புகள் அப்படித்தான் போயின.

பிப்ரவரி 23

கோவைத் தம்பி மறுபடி: "கோதவர்மன் வழக்கு என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது கூடலூர் விஷயமா?"

ஆமாம். இங்கே பலருக்கே தெரியாது. டி.என். கோதவர்மன் திருமுல்பாடு அதே நிலம்பூர் கோவிலகத்துக்காரர். ஒரு காலத்தில் குடும்பத்திடம் இருந்த காடுகளில் கூடலூர்ப் பக்கம் மரம் வெட்டப்படுவதைப் பார்த்து 1995ல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12ஆம் தேதி உத்தரவில் நீதிமன்றம் சொன்னது: ஏட்டில் யார் பெயரில் இருந்தாலும், அகராதிப் பொருளில் காடு என்றால் அது காடு. 1980ஆம் வருட வனப் பாதுகாப்புச் சட்டம் அதற்கும் பொருந்தும், மத்திய அரசின் ஒப்புதல் இல்லாமல் வேறு வேலைக்கு எடுக்க முடியாது. நாடு முழுக்கக் காடுகளுக்குள் அந்த ஒப்புதல் இல்லாமல் ஓடிய மரம் அறுக்கும் மில்களை உடனே நிறுத்தச் சொன்னார்கள். எங்கள் ஊரில் மரவேலையை நம்பியிருந்த நிறையப் பேர் அந்த வருடம் ஊரை விட்டுப் போனார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

2023ல் சட்டத்தைத் திருத்தி, அறிவிக்கப்பட்டதும் 1980 அக்டோபர் 25 முதல் அரசு ஏட்டில் காடு என்று பதிவானதும் மட்டும்தான் சட்டத்துக்குள் வரும் என்று சுருக்கினார்கள். அதை எதிர்த்த வழக்கில் 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டு, மாநிலங்கள் பட்டியல் எடுத்து முடிக்கும் வரை 1996 விளக்கமே செல்லும் என்றது.

காட்டை விற்றவர்கள் குடும்பத்தில் பிறந்த ஒருவர்தான் காட்டுக்காக வழக்குப் போட்டார். இதைக் கதையில் எழுதினால் நம்ப மாட்டீர்கள்.

பிப்ரவரி 24

"விற்றவர்கள்" என்பது அவசரச் சொல். குத்தகை, கொள்முதல், அப்புறம் ஜென்மம் எனும் பரம்பரை நில உடைமையை ஒழித்த சட்டம் என்று மூன்று வழியிலும் நிலம் போனது. பந்தலூர் வாசகர் திருத்தியதற்கு நன்றி. அவர் கேட்ட ஜென்மக் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "அரசு நிலம்" என்ற பேச்சு எங்கள் தாலுகாவில் அவ்வளவு சுலபமில்லை.

கூடலூர் ஜென்ம நிலங்களை ஒழித்து ரயத்துவாரியாக (அரசுக்கு நேரடியாக வரி கட்டும் நிலமாக) மாற்றும் சட்டம் 1969ல் வந்தது. சுமார் 80 ஆயிரம் ஏக்கர். எஸ்டேட்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1972ல் பால்மாடீஸ் தோட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜென்மக் காடுகளை அரசு எடுத்துக்கொள்வது நிலச் சீர்திருத்தம் ஆகாது என்று அந்தப் பகுதியை மட்டும் தள்ளிவிட்டது. உடனே 1974ல் சட்டத்தை, நீதிமன்றம் எளிதில் ரத்து செய்ய முடியாதபடி காக்கும் அரசியல் சாசனத்தின் ஒன்பதாம் அட்டவணையில் போட்டார்கள். அதற்கும் வழக்கு. சட்ட மாணவர்கள் படிக்கும் ஐ.ஆர். கொயெலோ தீர்ப்பு, 2007 ஜனவரி, ஒன்பது நீதிபதிகள்: அதன் வேர் இந்தக் கூடலூர்ச் சட்டம்தான். இந்தியாவின் பெரிய சாசனத் தீர்ப்பு ஒன்று எங்கள் ஊர் மரத்தடியில் முளைத்தது.

இதற்கு நடுவே, அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் அடங்கும் நிலத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள். காடா, பட்டாவா, குத்தகையா, ஆக்கிரமிப்பா என்று தெரியாமல் ஒரு தலைமுறை வாழ்ந்துவிட்டது. 'செக்‌ஷன் 17' என்றால் மின்சார இணைப்பு கேட்டு நடந்த கால்கள் என்று இங்கே அர்த்தம்.

மார்ச் 1

என் வீட்டுக் கதை இங்கே வந்துதான் ஆக வேண்டும். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964. இலங்கை மலையகத்திலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க 1968ல் அரசு தேயிலை போட ஆரம்பித்தது, 1976ல் அது டேன்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) என்ற அரசு நிறுவனம் ஆனது. தேயிலைக்கு நிலம் எங்கிருந்து? வனத்துறையின் காட்டிலிருந்து. என் அம்மா அந்தத் தேயிலையில்தான் கொழுந்து பறித்தார். நான் படித்த காசு காட்டை அழித்து வந்த காசு என்று சொன்னால் தப்பில்லை. அதற்காக வெட்கப்படவும் இல்லை. கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டவர்களுக்கு வேறு எங்கே இடம் இருந்தது?

இப்போது டேன்டீ நஷ்டத்தில். நிலத்தின் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க அரசு முடிவு செய்தது. தேயிலைச் செடியை அப்படியே விட்டால் என்ன முளைக்கும், எவ்வளவு வருடத்தில் காடு திரும்பும் என்பது நல்ல ஆராய்ச்சிக் கேள்வி. லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருக்கிற குடும்பங்கள் எங்கே போகும் என்பது அதைவிட அவசரமான கேள்வி. இரண்டையும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து யாராவது பேசினால் நன்றாக இருக்கும். இதுவரை நான் போன கூட்டங்களில் ஒன்று பேசினால் மற்றது கிடையாது.

மார்ச் 3

ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: "காட்டில் இருந்தவர்களை வெளியேற்றிவிட்டு மரத்துக்கு நம்பர் போடுகிறீர்கள்."

கோபம் நியாயமானது. காப்புக்காடு என்று அறிவிக்க 1882ஆம் வருடச் சட்டத்தில் வழி இருந்தது, உரிமை கேட்பவர் வந்து சொல்ல அவகாசமும் இருந்தது. ஆனால் குறும்பரும் காட்டுநாயக்கரும் பணியரும் இருளரும் அரசிதழைப் படித்துவிட்டா மனுப் போட்டிருப்பார்கள்? அந்த அநியாயம் நடந்தது என்று ஒத்துக்கொள்ள நாடாளுமன்றத்துக்கு 2006 வரை ஆனது. வன உரிமைச் சட்டத்தின் முகவுரையிலேயே 'வரலாற்று அநீதி' என்று இருக்கிறது. முதுமலைக்குள் இருந்த குடியிருப்புகளிலிருந்து ஐயன்கொல்லிப் பக்கம் குடியமர்த்தப்பட்டவர்களில் சிலர், பள்ளியும் சாலையும் கிடைத்தது என்றார்கள். சிலர் அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை.

காது கொடுத்துக்கொண்டிருந்த மூன்றாமவர் என்று முதல் குறிப்பில் எழுதினேனே, அவர் குறும்பர். இலை உதிர்ந்த காலத்தில் பட்டையைக் கத்தியால் லேசாகச் சுரண்டி, நிறத்தைப் பார்த்து, மரத்தின் பெயர் சொல்வார். நான் தாவரவியல் பட்டம் வாங்கியவன், இலை இல்லாவிட்டால் எனக்கு எல்லாம் ஒரே குச்சி. நன்றியுரையில் இப்படிப்பட்டவர்கள் பெயர் வரும். கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் எத்தனை முறை வந்திருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

மார்ச் 4

கொஞ்சம் லேசான விஷயம். நெல்லிக்காயைப் பரப்புவது யார்? பறவை, குரங்கு என்றுதான் நினைப்போம். முதுமலையில் உட்கார்ந்து பார்த்தவர்கள் கண்டது புள்ளிமான். பழத்தை முழுங்கிவிட்டு, சாவகாசமாக எங்காவது படுத்து அசைபோடும்போது கொட்டையைத் துப்பிவிடுகிறது. சாணத்தைக் கிளறி விதை தேடும் ஆராய்ச்சியாளருக்கு இது அகப்படவே அகப்படாது. ஊறுகாய்க்கு நெல்லி பறிக்கும்போது மானுக்கும் கொஞ்சம் விட்டு வையுங்கள் என்பது நான் சேர்த்தது, ஆய்வில் இல்லை.

மார்ச் 9

மழைக்கணக்கு கேட்டவருக்கு: முதுமலையின் மேற்கு ஓரத்தில் வருடத்துக்கு 1,800 மில்லிமீட்டர் வரை, கிழக்கே மசினகுடி தாண்டிச் சீகூர்ப் பக்கம் 600, 700. இடையில் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட இல்லை. ஈரமான காடு, இலையுதிர் காடு, முட்காடு மூன்றும் ஒரே வேலிக்குள். மழை குறைந்தால் எந்த மரம் முதலில் சாகும் என்று தெரிந்துகொள்ள நூறு வருடம் காத்திருக்க வேண்டாம், கிழக்கே போனால் போதும். நடுவில் நிலம் துண்டு துண்டாக விற்கப்பட்டிருந்தால் இந்தச் சரிவு நமக்குப் பயன்படாது. சீகூர் யானை வழித்தடத்தில் ரிசார்ட்டுகள் வந்து, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அரசின் அறிவிப்பை உறுதி செய்யும் வரை நடந்த இழுபறி எல்லோரும் பார்த்ததுதான்.

மார்ச் 14

வெயில் ஏறிவிட்டது. நேற்று இரவு எதிர்மலையில் தீ தெரிந்தது. காலையில் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் ஜீப்பில் முகம் கருகித் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலைக்கு அவர்கள் வாங்கும் சம்பளத்தையும் மேட்டுப்பாளையம் நண்பரின் 'வருமானம் இல்லாத காடு' கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

தீ பற்றி எனக்கே முடிவில்லை. இந்தக் காட்டு மரங்கள் தீயோடு வளர்ந்தவை, பெரிய வெக்காலியும் கருமருதும் தரைத்தீயைத் தாங்கும். தொடர்ந்து வந்தால் கன்றுகள் தாங்காது. தீயே விடாமல் அடக்கினால் உண்ணிச்செடி (லான்டானா புதர்) அடைத்துக்கொள்கிறது, அது காய்ந்தால் அடுத்த தீ உயரமாக எழுகிறது. முன்காலத்தில் பழங்குடிகள் பனி ஈரம் இருக்கும்போதே லேசாகக் கொளுத்திவிடுவார்கள், அதனால்தான் உண்ணி அடங்கியிருந்தது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. சோதித்துப் பார்க்கத் துண்டு துண்டாக இடம் ஒதுக்கி, வருடக்கணக்கில் கொளுத்தியும் கொளுத்தாமலும் பார்க்க வேண்டும். புலிகள் காப்பகத்துக்குள் தீ வைக்க அனுமதி கேட்டுப் பாருங்கள், உங்களைத்தான் பிடித்து வைப்பார்கள்.

மார்ச் 15

உண்ணிச்செடியை வெட்டி என்ன செய்வது என்றால், நாற்காலி செய்யலாம், நிஜ அளவு யானையே செய்யலாம். இங்குள்ள பழங்குடிக் கைவினைஞர்கள் செய்த உண்ணி யானைகள் 2021ல் லண்டன் பூங்காக்களில் நின்றன. மஞ்சள் கொன்றை இன்னும் மோசம். அழகுக்கும் நிழலுக்கும் நட்டது காட்டுக்குள் புகுந்து அடியில் புல்லே வராமல் செய்துவிட்டது. உயர் நீதிமன்றம் விரட்டிய பிறகு, அரசின் காகித ஆலை அதை வெட்டிக் கூழாக்க முன்வந்தது. வேண்டாத மரத்தில் வருமானம் வந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை, எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டிய இடத்தில் அடுத்து என்ன முளைக்கிறது என்று மட்டும் யாராவது குறித்து வையுங்கள்.

மார்ச் 21

பாறு கழுகு பற்றி இரண்டு வரி. தென்னிந்தியாவில் வெண்முதுகுப் பாறு பெரிய எண்ணிக்கையில் கூடு கட்டும் இடம் மாயாறு, சீகூர்ப் பள்ளத்தாக்கு. ஓடைக்கரை நீர்மருதுகளில் கூடு. டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி ஊசி போட்ட மாட்டின் பிணத்தைத் தின்று நாடெங்கும் செத்தொழிந்தவை, 2006ல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். இங்கே மிஞ்சியதற்கு ஒரு காரணம், காட்டில் செத்த மானும் காட்டெருமையும் ஊசி போடாதவை. கூட்டை எண்ணுவதும் செத்த பறவையைச் சோதிப்பதும் தொடர்ந்து நடந்தால்தான் தடை வேலை செய்கிறதா என்று தெரியும்.

மார்ச் 30

மேட்டுப்பாளையம் நண்பர் திரும்பி வந்துவிட்டார். "தண்ணீர்க் கணக்கு சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அரசே கற்பூர மரம் நட்டுக் கெடுத்தது என்றும் நீங்களே சொல்கிறீர்கள். அப்புறம் அரசிடம் இருப்பதில் என்ன பெருமை?"

பெருமை ஒன்றும் இல்லை. அரசு வெட்டியது, நட்டது, ஆட்களை நகர்த்தியது, தேயிலை போட்டது. ஆனால் நிலம் பொதுவில் இருந்ததால் நாம் கேள்வி கேட்க முடிந்தது. தகவல் உரிமை மனுப் போட முடிகிறது, பொதுநல வழக்கு போட முடிகிறது, கற்பூர மரத்தை வெட்டிவிட்டுப் புல்லைத் திரும்பக் கொண்டுவா என்று சண்டை போட முடிகிறது. கம்பெனியின் 99 வருடக் குத்தகை நிலத்தில் ஓடை எவ்வளவு குறைந்தது என்று கேட்டால் வாசலில் காவலாளி பதில் சொல்வார். எனக்கு அந்த வித்தியாசம் போதும்.

ஒரு மனக்குறை மட்டும் உண்டு. பொதுப் பணத்தில், பொது நிலத்தில் எடுத்த கணக்குகள் பொதுமக்களுக்குப் புரியும் தமிழில் எங்கே கிடைக்கின்றன? கிளென்மார்கன் முடிவு வந்து இத்தனை வருடம் ஆகியும் நீலகிரிப் பஞ்சாயத்துத் தலைவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஏப்ரல் 6

முதுநிலை மாணவி ஒருவர், சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய எப்படி அனுமதி வாங்குவது என்று கேட்டிருக்கிறார். 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு. விண்ணப்பம் தலைமை வனவிலங்குக் காப்பாளருக்கு, கல்லூரி வழியாக. என்ன செய்வீர்கள், எதைத் தொட மாட்டீர்கள், எத்தனை பேர், எந்த மாதம் என்று தெளிவாக எழுதுங்கள். செடி மாதிரி எடுப்பதானால் தனியாகக் குறிப்பிடுங்கள். எனக்குத் தெரிந்த பெண் ஒருவர் அனுப்பிய கடிதம் ஓர் அலுவலகத்து மேஜையில் கிடந்தே அவர் படிப்புக்காலம் முடிந்துவிட்டது, அதனால் பூக்கும் பருவத்துக்கு வெகு முன்னதாகவே அனுப்புங்கள்.

அனுமதி கிடைத்தால் நகல் ஒன்றை எப்போதும் பையில் வைத்திருங்கள். சென்னையில் கையெழுத்தானது செக்போஸ்ட்டில் நிற்பவருக்கு வந்து சேர்ந்திருக்காது. அவர் உங்களைத் திருப்பி அனுப்பினால் கோபப்பட வேண்டாம், ரேஞ்சரின் எண்ணைக் கேட்டு வாங்கிப் பேசுங்கள்.